சுவருக்குக் குறைந்த அலமாரி

ஓர் அறையை மாற்றியமைக்க இறங்கியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். அட்டையில் பார்த்த இளநீலம் சுவரில் சாம்பலாகக் காயும். மேஜை போட நினைத்த இடத்தில் ப்ளக் இருக்காது. அவன் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தான். மகள் காய்ச்சலில் போய் ஒரு வருடம். மனைவி பொழுதெல்லாம் அவள் அறையின் வெறுந்தரையிலேயே கிடந்தாள். இந்த அறை இப்படியே இருந்தால் இவளையும் பறிகொடுத்துவிடுவோம் என்று அவனுக்குப் பயம். மகளின் கட்டிலைப் போன வருடமே யாருக்கோ கொடுத்துவிட்டான். இனி இது அலுவலக அறை, சுவர் முழுக்க அலமாரி.

மத்தியானம் தச்சர் அலமாரியோடு வந்து இறங்கினார். போன மாதம் அளவெடுக்க வந்ததுதான் இந்த வீட்டோடு அவருக்கு முதல் பழக்கம். அலமாரியை நிறுத்தியதும், ஜன்னலோரம் பெரிய இடைவெளி விழுந்தது.

"என்னண்ணே, முழுச் சுவருக்கும்தானே சொன்னேன்?"

தச்சர் அந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

"கட்டிலை எப்ப சார் எடுத்தீங்க?"

"எந்தக் கட்டில்?"

"அளக்க வந்தப்போ இருந்துச்சே. பாப்பா தூங்கிட்டிருந்துச்சு. எழுப்ப மனசு வரலை. அதான் கட்டில் வரைக்கும் டேப்பைப் பிடிச்சேன்."

புது வார்னிஷ் நெடியை மீறி எங்கிருந்தோ காய்ச்சல் மருந்தின் வாசம் வந்தது.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"எப்படிப் படுத்திருந்தா?" என்றாள் தச்சரிடம்.

"ஜன்னல் பக்கம் திரும்பி, சுருண்டு. போர்வை இல்லம்மா. குளிரிச்சோ என்னவோ."

அவள் முகம் உடைந்தது.

"கேட்டாளே... அன்னைக்கு ராத்திரியெல்லாம் கேட்டாளே. காய்ச்சலுக்குப் போர்த்தக் கூடாதுன்னு எடுத்துட்டோமே."

போர்வையை உருவியது அவன் கைதான். அவள் உள்ளே போய் ஒரு போர்வையோடு வந்தாள்.

"வேணாம்மா. அங்க ஒண்ணுமில்ல," என்று அவள் கையைப் பிடித்தான்.

அவள் விலக்கிவிட்டு, போர்வையை உதறி அந்த வெற்றிடத்தின் மேல் விரித்தாள்.

போர்வை தரைக்கு வரவில்லை.

முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

நடுவே சின்னதாக ஒரு மேடு.

தச்சர் சுவரோடு சுவராகப் பின்வாங்கி வெளியே போய்விட்டார். அவனுக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் வருடம் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"மெதுவா அழுங்க," என்றாள் அவள்.

கீழே தொங்கிய போர்வையின் ஓரத்தை உள்ளிருந்து ஏதோ பற்றி, மெல்ல மேலே இழுத்துக்கொண்டது.