மூன்று விரல்களுக்கு மட்டும் பச்சை

திங்கட்கிழமை என்றால் தூத்துக்குடி சாட்சிக்கூடத்தில் கூட்டம் நெரியும். சனி, ஞாயிறுகளில் போட்ட சண்டையெல்லாம் அன்றைக்குத்தான் வரிசையில் வந்து நிற்கும். வேலியை முதலில் நகர்த்தியது யார், கல்யாணப் பந்தியில் யாரை யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று ஆளாளுக்கு ஒரு வழக்கு. ஒவ்வொருவராக உள்ளே போய் நாற்காலியில் உட்காருவார்கள். காதுக்குப் பின்னால் இரண்டு பொத்தான்களை ஒட்டுவார்கள். வாயைத் திறந்ததும் தலைக்கு மேலே விளக்கு எரியும். கண்ணால் கண்டதைச் சொன்னால் பச்சை. யாரோ சொல்லிக் கேட்டது மனதில் படமாகத் தங்கியிருந்தால் மஞ்சள். அந்த நிமிடத்தில் கட்டிச் சொன்னால் விளக்கே எரியாது.

இதற்கு ஊற்றுமானி என்று பெயர். படத்தையும் வீடியோவையும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆனபிறகு, அவற்றைச் சாட்சியாக ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் மனிதர்களிடமே வரவேண்டியதாயிற்று. பொய்யர்களெல்லாம் அகப்படுவார்கள் என்று எல்லோருக்கும் முதலில் ஒரே கொண்டாட்டம். அகப்பட்டதென்னவோ யோக்கியர்கள்தான். மூன்று வயதில் மாடு முட்டியதைக் கண்முன்னே நடப்பதுபோல் சொல்லிவந்த ஒரு நீதிபதிக்கே மஞ்சள் எரிந்தது. அது அவருடைய அம்மா சொன்ன கதை. அதற்குப் பிறகு ஊர்ப்பேச்சே மாறிவிட்டது. டீக்கடையில் ஒருவர் ஒரு சங்கதியை எடுத்தால், மற்றவர் முதலில் கேட்பது, "இது கண்ணா, காதா?" என்றுதான்.

ஞானசுந்தரி அன்று வரிசையில் பதினோராவது. வயது அறுபத்தொன்று, பாளையங்கோட்டைக்காரி. கல்லூரியில் நாட்டார் வழக்காறு நடத்திக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, ஒரே ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு இருபத்தெட்டு வருடம் அலைந்தவள். பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2061 சித்திரையில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடலோரச் சாமியார் அளம் என்ற உப்பளத்தில் வானத்திலிருந்து ஏதோ வந்து விழுந்தது. உப்புப் பாத்திகளுக்குத் தண்ணீர் தேக்கும் தெப்பத்தில்தான் விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் பெயர் எழுதாத மூன்று லாரிகள் வந்தன. பொழுது சாய்வதற்குள் இடத்தைத் தார்ப்பாயால் மறைத்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்று மறுநாள் அறிவிப்பு வந்தது. நாற்பத்தொரு பேரைத் தேடிப்பிடித்து ஞானசுந்தரி பதிவு செய்தாள். வட்டமான கலம், அதிலிருந்து எடுக்கப்பட்ட சின்ன உருவம், வெள்ளித் தோல், கையில் மூன்று விரல்கள். ஒன்பது தொகுதிகள் வெளியிட்டாள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது.

இப்போது ஒரு வழி திறந்திருந்தது. ஐந்து பேர் ஒரே விஷயத்தைப் பச்சையில் சொல்லிவிட்டால் முத்திரை வைத்த கோப்பையும் திறந்தாக வேண்டும் என்பது புதிய சட்டம். ஐந்து கிடைக்காவிட்டால் வழக்கு அத்தோடு மூடப்படும், மறுபடி திறக்க முடியாது. நாற்பத்தொரு பேரில் நடமாட்டத்தோடு இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேரைப் போன வாரமே சோதித்தாயிற்று. இரைச்சல், லாரி, தார்ப்பாய் எல்லாவற்றுக்கும் பச்சை. டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும் அவையெல்லாம் வரும் என்று அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. எதையோ போர்த்தித் தூக்கிப்போனதை நான்கு பேர் பச்சையில் சொன்னார்கள். கலத்துக்கும் சின்ன உருவத்துக்கும் எட்டுப் பேருக்கும் மஞ்சள். மூன்று விரல்களுக்கும் மஞ்சள்தான். ஞானசுந்தரிக்குப் போன வாரத்திலிருந்து சரியான தூக்கமில்லை.

ஒன்பதாவது ஆள் முத்துக்கனி. சம்பவத்தின்போது இருபத்து நான்கு வயது, அளத்தில் உப்பு வாரும் வேலை. இப்போது ஐம்பத்திரண்டு. ஞானசுந்தரியின் சாட்சிகளிலேயே கெட்டிக்காரி. பள்ளிக்கூடங்களுக்குப் போய் அவள் சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் மூச்சுக்காட்டாமல் கேட்கும்.

"ஏங்க்கா மூஞ்சி இப்படி இருக்கு? எனக்கு எல்லாமே பச்சைதான் எரியும், பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஞானசுந்தரி உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பதிவர் இன்பராணி பொத்தான்களை ஒட்டினாள்.

"சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"சோறு தின்னுட்டுக் கை கழுவுதேன். தலைக்கு மேல ஒரே இரைச்சல். தெப்பத்துல என்னமோ விழுந்து தண்ணி பனை உசரத்துக்கு எழும்புச்சு." பச்சை.

"லாரி வந்துச்சு. எங்களையெல்லாம் வரப்புலயே உக்காரச் சொல்லிட்டாவ." பச்சை.

"விழுந்தது வட்டத் தட்டு மாதிரி இருந்துச்சு. சுத்திலும் வெளக்கு." மஞ்சள்.

"அதுக்குள்ள இருந்து ஒரு உருவத்த எடுத்தாவ. நாலு வயசுப் புள்ள கணக்காத்தான் இருக்கும். தோலெல்லாம் வெள்ளி." மஞ்சள், மறுபடியும் மஞ்சள்.

"போர்வைக்கு வெளிய ஒரு கை தொங்கிட்டு இருந்துச்சு. அதுல மூணே மூணு விரலு."

பச்சை.

ஞானசுந்தரி எழுந்தே நின்றுவிட்டாள். மனிதக் கை அல்லாத ஒரு கையை ஒரு மனுஷி கண்ணால் கண்டிருக்கிறாள்! இருபத்தெட்டு வருடமும் அந்த ஒரு நொடியில் அர்த்தமாகிவிட்டதுபோல் இருந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இன்பராணி வெளியே வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், எனக்கு இது இடிக்குது. மத்த எட்டுப் பேருக்கும் மூணு விரல் மஞ்சள். இவங்க ஒருத்தருக்குத்தான் பச்சை. அப்ப அந்த எட்டுப் பேருக்கும் யார் சொன்னது?"

யார் சொன்னது என்பது ஞானசுந்தரிக்குத் தெரியும். அவளேதான் சொன்னாள். அவளுக்குச் சொன்னது முத்துக்கனி. எப்படிச் சொன்னாள் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது, வரிசை மாறாமல்.

சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அளத்து ஓய்வுக் கொட்டகை. எட்டு மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துக்கனி நின்றாள். "அது எங்க வீட்டுக்காரவுகதான்க்கா. அவுக கை எனக்குத் தெரியாதா? ரெண்டு விரல மோட்டார் பெல்ட்டு கொண்டுபோயிட்டுல்லா" என்று அழுதாள். அவள் கணவன் லிங்கதுரை தெப்பத்தில் பம்பு ஓட்டுகிறவன்.

ஞானசுந்தரியிடம் அப்போது ஆறு வாக்குமூலங்கள் இருந்தன. முதல் ஆள் ரொம்பத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுச் 'சின்னதா என்னமோ' என்றிருந்தார். இரண்டாவது ஆளிலிருந்து அவள் எல்லோரிடமும் கேட்டது, "உருவம் எவ்வளவு சின்னதா இருந்துச்சு?" என்று. அப்படிக் கேட்கவே கூடாது என்று கல்லூரியில் அவளே பாடம் நடத்தியிருக்கிறாள். ஆர்வக் கோளாறு எந்தப் படிப்பையும் மறக்கடித்துவிடும்.

ஆறு பேர் ஒன்று சொல்ல, ஏழாவதாக வந்த முத்துக்கனி வேறொன்று சொன்னாள். அளத்து வருகை ஏட்டைப் பார்த்தால் லிங்கதுரை அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பையோடு அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஏட்டையும் ஆளையும் யாராவது சரிக்கட்டியிருக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. "பயத்துல நீ மாத்திப் பாத்திருக்க முத்துக்கனி. அதுங்களுக்கு மூணு விரல்தானாம், வெளிநாட்டிலயும் சொல்லியிருக்காங்க. உன் வீட்டுக்காரர் எங்கயோ உசுரோடதான் இருக்கார்" என்று ஞானசுந்தரி தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். மூன்று விரல்களை மட்டும் எழுதிக்கொண்டு, மிச்சத்துக்குத் 'துயரக் குழப்பம்' என்று குறிப்பு போட்டாள்.

உயிரோடு இருக்கிறான் என்றதும் முத்துக்கனிக்கு அன்றைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் வருவான் என்று இரண்டு வருடம் வாசலைப் பார்த்தாள். வராமலே இருந்துவிட்டதால் வெறுக்க ஆரம்பித்தாள். மகள் பவளத்தின் கல்யாணப் பத்திரிகையில் அப்பன் பெயரைக்கூடப் போடவிடவில்லை.

"மேடம்?" என்றாள் இன்பராணி. "அந்தக் கையைச் சுத்தி அடியில நிறையப் பச்சை தெரியுது. இத்தனை வருஷமா யாரும் பேச்சு வெச்சுத் தொடாததால அப்படியே இருக்கு. ரெண்டாவது சுற்று போனா மேல வந்துடும். ஆனா முதல்ல வாக்குமூலம் சேகரிச்சவங்க எதிர்ல உக்காரணும், அது விதி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும், தலையை ஆட்டினாலும் போச்சு. உங்க பேச்சு அதுல கலந்துடும், அப்புறம் யாராலும் பிரிச்சு எடுக்க முடியாது. வேண்டாம்னா இப்பவே வாபஸ் கையெழுத்துப் போட்டுடலாம்."

ஞானசுந்தரிக்கு முதலில் நினைவு வந்தது ஒன்பது தொகுதிகள். அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பிறகுதான் முத்துக்கனியை நினைத்தாள். ஓடிப்போனவனைத் திட்டித் திட்டியே காலத்தை ஓட்டிவிட்டவள். இப்போது அவள் கையில் ஒரு செத்தவனைக் கொடுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் வட்டத் தட்டைப் பற்றிச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவாள். அதில் என்ன குறை?

ஆனால் லிங்கதுரை என்று ஒருவன் இருந்தான். அவன் எங்கே போனான் என்பதற்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி அந்தப் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. தான் போட்டு மூடிய கதை அதன் மேலே கிடக்கிறது. உள்ளே ஓடி அவள் காலில் விழ வேண்டும், என்ன வரப்போகிறது என்று சொல்லி அவளைத் தயார்செய்ய வேண்டும் என்று ஞானசுந்தரிக்குத் துடித்தது. சொன்னால் அதுவும் கலந்துவிடும். மன்னிப்புக் கேட்டால் அவனை இரண்டாவது தடவையும் இல்லாமல் ஆக்கியதாகிவிடும்.

"போலாம்" என்றாள்.

எதிரே வந்து உட்கார்ந்ததும் முத்துக்கனி சிரித்தாள். "நல்லா சொன்னேனாக்கா?" ஞானசுந்தரி மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா, தட்டை விட்டுடுங்க. உருவத்தையும் விட்டுடுங்க. அந்தக் கையை மட்டும் பாருங்க. பாக்கிறதை மட்டும் சொல்லுங்க" என்றாள் இன்பராணி.

முத்துக்கனி கண்ணை மூடினாள். "மூணு விரலு." பச்சை. "கறுத்த கை. பெரிய கைதான்." பச்சை. "உப்பு அப்பிக் கெடக்கு. வெயில்ல மினுங்குது." பச்சை.

"அப்புறம்?"

"மணிக்கட்டுல கறுப்புக் கயிறு. கோயில் கொடையில சாமி கும்பிட்டுக் கட்டுனது." பச்சை. தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நான் கட்டிவிட்டது" என்றாள். பச்சை.

கண்ணைத் திறந்து ஞானசுந்தரியைப் பார்த்தாள்.

"அக்கா, அது அவுக கை. நான் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன்லா?" பச்சை.

"நீங்கதான இல்லன்னீங்க." பச்சை.

ஞானசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப அவுக ஓடிப்போகலையாக்கா?"

கேள்விக்கு விளக்கு எரிவதில்லை. முத்துக்கனி பதிலுக்காகக் காத்திருந்தாள். சுற்று முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஒரு தலையசைப்பு போதும், அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை. ஞானசுந்தரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையாவது அனுமதிப்பார்களா என்று தெரியவில்லை.

பதில் வராது என்று புரிந்ததும் முத்துக்கனி நாற்காலியில் திரும்பி இன்பராணியைப் பார்த்துச் சொன்னாள். "ஓடிப்போகல. லாரியில ஏத்துனாவ. நான் வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

பச்சை.

விளக்கு அணைந்தது. போர்த்தித் தூக்கிப்போனதற்கு ஐந்தாவது பச்சை பதிவாகிவிட்டது, முப்பது நாளில் கோப்பைத் திறந்தாக வேண்டும் என்று இன்பராணி ஏதோ படித்தாள். இருவருமே கேட்கவில்லை.

"முத்துக்கனி..." என்று ஆரம்பித்தாள் ஞானசுந்தரி.

"பவளத்துக்கு என்னன்னு சொல்லுவேன்?" முத்துக்கனி அவளைப் பார்க்காமலே பேசினாள். "ஒங்கப்பன் நம்மள விட்டுட்டுப் போன பயன்னு சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லில்லா வளத்தேன்."

"நான் வந்து சொல்றேன். தப்பு என்னோடது. அவ கால்ல விழுந்து சொல்றேன்."

முத்துக்கனி பொத்தான்களைப் பிய்த்து மேசையில் வைத்தாள். "எட்டு மாசத்துப் புள்ள, அவ எதைப் பாத்தா? ஓடிப்போனான்னு சொன்னதும் அவளுக்கு மஞ்சளு. செத்துப்போனாகன்னு இப்பப் போயிச் சொன்னா அதுவும் மஞ்சளு. எதை நம்புவா?"

ஞானசுந்தரி அவளோடு கிளம்ப எழுந்தாள்.

"நீங்க வர வேண்டாம். அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு முத்துக்கனி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.