சுவரோரம் காணாத கமரா

"அப்பா, இந்தக் கமரா நித்திரை கொள்ளுமா?"

வீட்டு முகப்பில் கமரா பூட்டிய அன்று சின்னவள் ஆரணி கேட்ட கேள்வி அது. "உன்னை மாதிரியே? அது கண்ணே மூடாது" என்று சொல்லிவிட்டுச் சிவபாதசுந்தரம் கடைக்குப் புறப்பட்டுவிட்டார். அந்தப் பதில் பிழையென்று அவருக்கு விளங்கியபோது, ஒரு தாயின் பிள்ளை அதனால் பொலிஸ் மறியலில் இருந்தான்.

வடக்கே யுத்தம் மூண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் ஊரிலிருந்து வந்த பொடியன்களுக்கு அறை கொடுத்தவர்களும் பொலிசுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பயத்தில்தான் அவர் கமரா பூட்டினார். வாசலில் ஏதாவது அசைந்தால் அது பதிவு செய்யும். அசையாவிட்டால் சும்மா இருக்கும்.

புதன்கிழமை காலை இரத்தினம்மா வந்து நின்றார். பக்க அறையில் குடியிருந்த நிமலனின் தாய். கூடவே நரைத்த, உயரமான ஒருவரும் அவருடைய மனைவியும் நின்றார்கள். வீட்டு நாய் ரெக்ஸ் சங்கிலியை இழுத்துக்கொண்டு மூவரையும் பார்த்துக் குரைத்தது.

"உங்கடை கமராவாலைதான் ஐயா என்ரை பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்." இரத்தினம்மாவின் குரலில் அழுகைகூட வற்றிப்போயிருந்தது. "நாளைக்கு வேறை இடத்துக்கு மாத்தப்போறாங்களாம். அதுக்குப் பிறகு எங்கை எண்டு ஆரைக் கேக்கிறது?"

போன சனிக்கிழமை மத்தியானம் நகரத்தின் மறுகோடியில் குண்டு வெடித்திருந்தது. நிமலன் வேலை செய்த கடை அந்தப் பக்கம். அரைநாள் வேலை முடிந்து, குண்டு வெடிக்க முன்னமே அறைக்கு வந்துவிட்டதாக அவன் சொன்னான். வீட்டுக் கமராவைப் பற்றிப் பொலிஸ் கேட்டது. அவன் உள்ளே வந்த பதிவு இல்லை. இல்லை என்றுதான் சிவபாதசுந்தரமும் சொன்னார்.

"நான் பொய் சொல்லேல்லை அண்ணை," என்றார் அவர், வந்தவரைப் பார்த்து.

"சொன்னதெண்டு ஆரும் சொல்லேல்லையே." அவர் பெயர் இராஜநாயகம். துறைமுகத்தில் காணாமற்போகும் சரக்குகளை விசாரித்து ஓய்வுபெற்றவர். "நாங்கள் கொட்டாஞ்சேனை. அந்தோனியார் கோவிலிலை இவ அழுதுகொண்டிருந்ததை என்ரை மனிசி ஐறீன் கண்டிட்டா. பிறகு என்னை வீட்டிலை இருக்க விடுவாவோ?"

ஐறீன் அதற்குள் வாசலில் நின்றார். "இஞ்சை பாருங்கோ, ஒரு நூல்!"

சுவரை ஒட்டிய சின்னக் கேற்றின் தூணில் மஞ்சள் நூலொன்றும், அதில் காய்ந்த காம்பொன்றும் இருந்தன.

"கையை எடும், ஐறீன். முதல் பாப்பம்."

"அது வேப்பிலை கட்டின நூல்," என்றார் சிவபாதசுந்தரத்தின் மனைவி பாலேஸ்வரி. "ஆரணிக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம். திங்கட்கிழமைதான் தண்ணி வார்த்துக் கழட்டினது. அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ளை வரேல்லை. பக்கத்து வீட்டுப் பலீலாதான் பிள்ளையின்ரை ஜன்னல்லை ஏதும் வைச்சிட்டுப் போவா. சனிக்கிழமையும் செவ்விளநீர் வைச்சிருந்தா."

மதிலுக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பலீலா தலையை நீட்டினார். "நான் கஞ்சிதான் வெச்ச, தங்கச்சி. இளநீ வெக்கல்லயே."

இராஜநாயகம் நடந்து பார்த்தார். சின்னக் கேற்றிலிருந்து சுவரோரமாகப் போனால் முதலில் ஆரணியின் ஜன்னல், பிறகு நிமலனின் அறை. முற்றத்தைக் கடக்கவே தேவையில்லை.

"நாய் எல்லாரையும் இப்பிடித்தான் குரைக்குமோ?"

"நிமலனைத் தவிர," என்றார் பாலேஸ்வரி. "அவனைக் கண்டால் வால் கழண்டு விழும்."

உள்ளே, திரைக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"சனிக்கிழமை காலமை நிமலன் வேலைக்குப் போனவனோ?" என்று கேட்டார் இராஜநாயகம்.

"ஓம்," என்றார் சிவபாதசுந்தரம். "நான் பல்லு விளக்கேக்கை 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

"அந்தப் பதிவைப் போடுங்கோ."

சிவபாதசுந்தரம் தேடினார். திரும்பவும் தேடினார். பாண்காரன் இருந்தான். தபால்காரர் இருந்தார். நிமலன் இல்லை.

ஐறீனால் பொறுக்க முடியவில்லை. "அப்ப கமராவைக் கேட்டால் அவன் வீட்டை விட்டுப் போகவே இல்லை. போனதைக் காணாத கமரா, வரேல்லை எண்டு மட்டும் எப்பிடிச் சாட்சி சொல்லுது?"

"அவ சொல்றது சரி," என்றார் இராஜநாயகம் மெதுவாக. "வேப்பிலை கட்டின பிறகு கமராவிலை என்ன மாத்தினீங்கள்?"

சிவபாதசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். "கடல் காத்துக்கு வேப்பிலை ஆட ஆட ஓயாமல் பதிவு விழுந்தது. அதாலை திரையிலை அந்தப் பக்கத்துக் கட்டங்களை மூடி, அங்கை அசைஞ்சால் பதியாமல் விட்டனான். வேப்பிலைக்குத்தான் அண்ணை மூடினனான், ஆக்களுக்கு இல்லை..." பாதியில் அவருக்கே விளங்கிவிட்டது.

"கமராவுக்கு வேப்பிலையும் ஒண்டுதான், மனிசனும் ஒண்டுதான். சுவரோரம் ஆர் நடந்தாலும் அது எழும்பாது. முற்றத்தாலை வந்தவை மட்டும் பதிவிலை விழுந்தினம். ஆனால் ஒண்டு. வேறை எங்கையாவது அசைஞ்சு கமரா எழும்பினால், சுவரோரமும் சேர்ந்துதான் படத்திலை விழும். சனிக்கிழமை மத்தியானம் என்ன அசைஞ்சது?"

"ஆக்கள் இல்லை. நாய் ஓடினது மட்டும். முதல் படத்திலை நாய் தெரிஞ்சால் நான் அந்தப் பதிவைத் திறந்து பாக்கிறேல்லை."

"ரெக்ஸ் குரைச்சுக்கொண்டு ஓடினதோ, வாலாட்டிக்கொண்டு ஓடினதோ?"

சிவபாதசுந்தரம் அதைத் திறந்தார். படிக்கட்டில் சங்கிலியில்லாமல் படுத்திருந்த ரெக்ஸ் துள்ளி எழுந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்தது. படத்தின் ஓரத்தில், ஆடும் வேப்பிலைக்குக் கொஞ்சம் தள்ளி, நிமலன் குனிந்து அதன் தலையைத் தடவினான். மறுகையில் செவ்விளநீர். விரலை உதட்டில் வைத்து நாயை அமர்த்தினான். உள்ளே வருத்தக்காரப் பிள்ளை நித்திரை. பிறகு ஜன்னல் பக்கம் எட்டினான். அதோடு படம் நின்றது.

மூலையில் நேரம் இருந்தது. மறுகோடியில் குண்டு வெடிக்கச் சில நிமிடங்களே இருந்த நேரம்.

இரத்தினம்மா திரையில் தெரிந்த மகனின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை ஏன் அவன் பொலிசிலை சொல்லேல்லை?" என்று பாலேஸ்வரி கேட்டார்.

"அறைக்கு வந்தனான் எண்டு சொன்னவன்தானே. இளநீர் குடுத்ததையும் சொல்ல வேணும் எண்டு அவனுக்குத் தோன்றியிராது," என்றார் இராஜநாயகம். "இனி இதை ஆர் கொண்டுபோய்க் காட்டுறது எண்டதுதான் கேள்வி. பொடியனுக்காகக் கதைக்கிறவையையும் சந்தேகிக்கிற காலம்."

சிவபாதசுந்தரம் மகளின் அறைப் பக்கம் பார்த்தார். வயர்களைக் கழற்றிப் பதிவுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பயமில்லையோ?" என்றார் ஐறீன்.

"இருக்கு. வாங்கோ, போவம்."

பொலிசில் அவர் அரைகுறைச் சிங்களத்தில், "மாத்தயா, பிழை என்ரை" என்று தொடங்கினார். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். அவரையே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். எழுதிய வாக்குமூலத்தைக் கிழித்து மறுபடி எழுதினார்கள். பொழுது சாயும்வரை வாங்கில் இருந்த இரத்தினம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஐறீன் செபமாலை உருட்டினார். அடுத்த நாள், வண்டி ஏற்றவேண்டிய நேரத்தில், நிமலனை வெளியே விட்டார்கள்.

அவனைத் தாய் நேரே கோவிலுக்குக் கூட்டிப்போனார். பாலேஸ்வரியும் ஆரணியும் அவர்களோடு போனார்கள். வீட்டில் சிவபாதசுந்தரம் மட்டும்.

அவர் சந்திக்குப் போய் ஒரு செவ்விளநீர் வாங்கி வந்தார். பொலிஸ் திருப்பித் தந்த பெட்டியை மறுபடி பூட்டியிருந்தாலும், கமராவின் கட்டங்கள் இன்னமும் மூடியபடியே இருந்தன. இன்றைக்கு அவற்றைத் திறக்க அவருக்கு மனமில்லை. முதலில் ரெக்ஸைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். பிறகு சின்னக் கேற்றால் நுழைந்து, சுவரோரமாகவே நடந்து, நிமலனின் ஜன்னலில் இளநீரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

முற்றத்தில் எதுவும் அசையவில்லை.