விடாத பணிவிடை

பூனையின் வாயை யாரோ ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தார்கள்.

தையல்காரி ஈரப் பஞ்சைக் கையில் பிடித்தபடி அதன் போர்வைக்குப் பக்கத்தில் குந்தி யோசித்தாள். வீட்டில் அவளையும் அண்ணனையும் விட்டால் வேறு ஆள் இல்லை. யாராவது தும்மினாலே தள்ளி உட்காருகிற மனுஷன், எச்சில் ஒழுகும் பூனையின் வாயில் கை வைப்பானா?

அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் அவன்தான். அவள் துணி வெட்டும்போதெல்லாம் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்க்கும். அந்த மேனேஜர் இப்போது கிழடாகி, கிட்னி இரண்டும் கெட்டு, பின்னறையில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தது. தோலுக்கடியில் சலைன் ஏற்றுவது, சிரிஞ்சில் கூழ் புகட்டுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் ஒருத்தியின் வேலை. தைக்க வேண்டிய துணி முன்னறையில் மலையாகக் குவிந்திருந்தது.

பஸ் டெப்போவிலிருந்து வந்த அண்ணனிடம் கேட்டாள்.

"மேனேஜர் வாயைத் துடைச்சு விட்டியாண்ணே?"

"நானா? அந்த ரூம் பக்கமே நான் போகலையே. அந்த நாத்தம் எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அசதியில் நாமே துடைத்துவிட்டு மறந்திருப்போம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அதன் முடி வாரியிருந்தது. அதற்கடுத்த நாள் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனபோது, வயிறு ஏற்கெனவே நிறைந்து உப்பியிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. வெளியே சொல்ல வெட்கமான ஒரு நிம்மதி. யாராக இருந்தால் என்ன, கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தவள், அன்று மதியம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

விழித்தபோது மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் விழுந்த நீர் சுவரோரமாக இறங்கிச் சாக்கடைக்குள் சளசளவென்று ஓட, தையல் மெஷின் எண்ணெயின் வாசமும் ஈரத் துணியின் புழுக்கமும் பூனையின் வாயிலிருந்து வரும் அந்தக் காரமான நெடியும் கலந்து வீடெங்கும் கனத்து நின்றன. அவற்றுக்கெல்லாம் பின்னால், ஓயாமல் கழுவிய கையிலிருந்து வருவதுபோல் ஒரு சோப்பு வாசனை, அந்த வீட்டில் யாரும் வாங்காத சோப்பு. மழைச் சத்தத்துக்கு அடியில் பின்னறையிலிருந்து ஏதோ கேட்டது. கைக்குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சத்தம்.

ச்சு... ச்சு... ச்சு...

அவள் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டது.

உள்ளே பூனை மட்டும்தான். அதன் பக்கத்தில் போர்வை குழிந்திருந்தது, யாரோ மண்டியிட்டு உட்கார்ந்து எழுந்ததுபோல. குழிவில் கை வைத்தாள். சூடு.

மேனேஜர் காதுகளை மடித்து, நகங்களைப் போர்வைக்குள் இறக்கி, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக இருந்த நாளிலிருந்து அது யாரிடமும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சியது. இதற்காகவா இத்தனை நாள் இதன் உயிரைப் பிடித்து வைத்திருந்தோம்?

மேனேஜரைப் பார்க்கும் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நீங்க சொன்ன அந்தக் கடைசி ஊசியைப் போட்டுடலாம்மா."

"நல்லதும்மா. இனிமே அதுக்கு வேதனைதான். காலையில முதல் வேலையா வந்துடறேன்."

மேனேஜரை முன்னறைக்குத் தூக்கி வந்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். அது காலை வரை காத்திருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அடுத்தது வரவில்லை.

வேலை முடிந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். பிறகு கையை நீட்டி அதன் தலையைத் தொட்டான்.

"அழாதே. பட்டது போதும், போகட்டும். மழை விட்டிருக்கு, நான் போய்க் குழி வெட்டறேன். சுத்தறதுக்கு நல்ல துணியா எடுத்து வை."

அழுகையோடு அழுகையாக மனசு லேசானது. பூனையை நாற்காலியில் கிடத்திவிட்டு, படுக்கையறை அலமாரியில் மெத்தென்ற துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

அண்ணன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் கொல்லையில் மண்வெட்டி விழுந்துகொண்டிருந்தது. சதக். சதக். சற்றும் நிற்காமல்.

சோப்பு வாசனை.

ச்சு... ச்சு...

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. போகக் கூடாது என்று தெரிந்தது. கால்கள் போயின.

மேனேஜர் போர்வையில் கிடக்கவில்லை. போர்வைக்கு மேலே அந்தரத்தில் கிடந்தது. இடையில் ஒரு மடியின் உயரம். மடி இல்லை. கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. தலை மட்டும் பின்னால் சாய்ந்து, எதன்மேலோ தாங்கலாக நின்றது. வாய் பிளந்திருந்தது. உள்ளே கூழ். விளிம்பு வரை.

தொண்டை முடி தானாகப் படிந்தது. தாடைக்கு அடியிலிருந்து நெஞ்சு வரை. ஒரு விரல் அகலத்துக்கு. மெதுவாக. பொறுமையாக. மறுபடியும். மறுபடியும்.

செத்த தொண்டை அசைந்தது.

விழுங்கியது.

மங்கிப்போயிருந்த கண்கள் திரும்பி அவளைப் பார்த்தன.