நடுவில் நிற்பவர்

வயலின் நின்ற பிறகும் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இசைத்தட்டு முடிந்துவிட்டது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டிருந்தது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியாக நடுவே, ஒன்றுமே இல்லாத வெறும் சுவரோரத்திலிருந்து, கபம் கட்டிய நெஞ்சு ஏறி இறங்குகிற ஈரச் சத்தம் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். கடையிலேயே உசத்தியானது என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்தால், மாட்டிய மறுநாளே கோளாறா என்று பல்லைக் கடித்தான்.

அது அவன் அப்பாவின் அறை. கிழவர் போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வாழ்நாள் முழுக்க அவர் அந்த வீட்டில் ஒரே ஒரு வேலைதான் பார்த்தார்; சத்தத்தைக் குறைப்பது. சிரித்தால் சத்தத்தைக் குறை. தட்டு கீழே விழுந்தால் சத்தத்தைக் குறை. அம்மா இறந்த அன்று அவன் வாய்விட்டு அழுதபோதும் அதேதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆசை ஆசையாக அவனே மாட்டிய குட்டி ஸ்பீக்கரின் ஒயரைக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டவர் அவர். அந்த மனிதரின் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, அதே இடத்தில் ஆம்ப்ளிஃபையர்களை வைத்தபோது அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

அவன் காதை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. வயிற்றெரிச்சலை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தான். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

"உங்க ரூமுக்கு இந்தச் சின்னதே தாராளம் சார். கண்ணை மூடிக் கேளுங்க, பாடறவர் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல வந்து நிப்பார். தொட்டுப் பாக்கலாம்போல இருக்கும்."

"அந்த ஜோடி?"

"அது ரொம்பப் பெரிய ஹாலுக்கு. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஆம்ப். வால்யூமை முழுசா வச்சீங்கன்னா சுவரே பேசும்."

"பேசட்டும்," என்று அதையே கட்டச் சொன்னான்.

இப்போது அந்தக் கடைக்காரரைத்தான் போனில் பிடித்தான். மூச்சுச் சத்தம் கேட்கிறது என்று கடுகடுத்தான்.

"நல்ல ஆம்ப்னா அப்படித்தான் சார். பாடறவர் மூச்சு வாங்குறதுகூடத் துல்லியமாக் கேக்கும்."

"நான் போட்டது வயலின். அதுவும் எப்பவோ முடிஞ்சு போச்சு."

கடைக்காரர் சற்று யோசித்தார். "எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"நடுவுல."

"அப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருதுன்னு அர்த்தம். பிளேயர்லேருந்து வர்ற ஒயரை ஆம்ப்லேருந்து உருவிடுங்க. நின்னுடும்."

அவன் மண்டியிட்டு இரண்டு ஒயர்களையும் பிடுங்கினான். இப்போது ஆம்ப்ளிஃபையர்களுக்குள் எதுவும் போகவில்லை. ஆனால் மூச்சு நிற்கவில்லை. சூடேறிய இரும்புப் பெட்டிகளின் சல்லடை வழியே ஒரு வாசனை கிளம்பி வந்தது. புது பெயின்ட் வாசனை இல்லை. அப்பா ராத்திரிதோறும் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனை.

"நிக்கல," என்றான். அவன் குரல் அவனுக்கே சின்னதாகக் கேட்டது.

"இருக்கவே முடியாதே. சரி, ஒண்ணு பண்ணுங்க. ஆம்பை அணைச்சிட்டு, ஒரே ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்தி மாட்டுங்க. தெரியாதவங்க பண்ற தப்புதான் அது. ஒரு ஸ்பீக்கர் தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்கும். நடுவுல நிக்கிறவர் கலைஞ்சு போயிடுவார்."

"கலைஞ்சு எங்க போவார்?"

"எங்கயும் போகமாட்டார். எங்க இருக்கார்னு தெரியாது, அவ்வளவுதான். சில பேருக்குத் தலைக்குள்ளேருந்து கேக்குற மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

போனை வைத்துத் திரும்பினால் வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைத்த தட்டு, முகத்தில் கோபம்.

"குழந்தையை எதுக்குத் திட்டுனீங்க?"

"நானா? எப்ப?"

"இப்பத்தான். பொம்மையோட சத்தமாப் பாடிட்டு இருந்தா. இந்த ரூம்லேருந்து சத்தத்தைக் குறைன்னு சொன்னீங்களாம். இப்ப வாயைத் தொறக்க மாட்டேங்குறா, எல்லாத்தையும் காதுல வந்து குசுகுசுங்குறா. உங்கப்பா மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நான் வாயே தொறக்கல."

"பின்ன யாரு, சுவரா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவனை எவ்வளவோ அடக்கியாகிவிட்டது, போகட்டும். நாற்பது வயதிலும் ஓட்டலில் சப்ளையரைக் கூப்பிடக் குரல் எழும்பாமல் கையை மட்டும் ஆட்டுகிறவன் அவன். ஆனால் அவன் மகள் பிறந்த அன்றே ஒரு முடிவு எடுத்திருந்தான். அவள் கத்த வேண்டும், வீடே இடியச் சிரிக்க வேண்டும், அவளை ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவளுடைய அந்தப் பெரிய குரல் ஒன்றுதான் அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்து முடித்த காரியம். அதிலுமா கைவைப்பான் கிழவன்?

"செத்தும் என்னை விடமாட்ட, இல்ல?" என்றான் வெறும் சுவரைப் பார்த்து.

மூச்சு ஒரு கணம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறவர் நிறுத்துகிற மாதிரி. பிறகு இருமல் வந்தது. கட்டில் இருந்த உயரத்தில், தலையணை இருந்த பக்கமாக.

"சத்தத்தைக் குறை."

துல்லியம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவது வரை துல்லியம். கையை நீட்டினால் தாடியின் முள் குத்தியிருக்கும்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். ஆம்ப்ளிஃபையர்களின் விளக்குகள் அணைந்தன. இடது ஸ்பீக்கரின் பின்னால் தவழ்ந்து போய், சிவப்புத் திருகைத் தளர்த்தினான், கறுப்புத் திருகைத் தளர்த்தினான், ஒயர்களை மாற்றிச் செருகினான். மூச்சு இன்னும் வந்தது. மின்சாரமே இல்லாமல் வந்தது. கிட்டத்தில். அவன் முதுகுக்குப் பின்னால், குனிந்து வேடிக்கை பார்க்கிற தூரத்தில். அவன் திரும்பவில்லை. திருகை இறுக்கினான். பிளேயர் ஒயரை மாட்டினான். பிளக்கைச் செருகினான். வயலினைப் போட்டு, குமிழை முழுசாகத் திருகினான்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வயலின் அறையெங்கும் சிதறிக்கிடந்தது, எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. நடுவில் ஒருவருமில்லை.

தட்டை நிறுத்தினான். காது கொடுத்தான்.

மூச்சு இல்லை. இருமல் இல்லை. தைல வாசனைகூட இல்லை. சுவர் வெறும் சுவராக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஒழிந்தான்.

திடீரென்று விழுந்த அமைதியைப் பார்க்க மகள் ஓடி வந்தாள். அப்பா தரையில் அழுக்குக் கையோடு உட்கார்ந்திருந்த கோலம் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு வினாடி தயங்கினாள். பிறகு வீடே அதிரச் சிரித்தாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இன்னும் சிரிடி கண்ணு, நல்லாச் சிரி என்று சொல்ல மூச்சை இழுத்தான்.

மூச்சு ஈரமாக ஏறியது. நெஞ்சில் கபம் கரகரத்தது.

அவனுக்குச் சளி இல்லை.

வாயை மூடப் பார்த்தான். அது திறந்தது. தொண்டையில் வேறொருவர் கனைத்துக்கொண்டார்.

"சத்தத்தைக் குறை."

ஸ்பீக்கரில் இல்லை. சுவரில் இல்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மனைவி, பழக்க தோஷத்தில், யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"சரிங்க மாமா."

அவன் கத்தினான். உள்ளே, தன் முழுப் பலத்தையும் கூட்டிக் கத்தினான். வெளியே உதடு அசையவில்லை. அவனுடைய கை மட்டும், அவன் தூக்காமலே, நிதானமாக மேலே எழுந்து, விரலை உதட்டின் மேல் வைத்தது.

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.