உச்சி வெயிலில் ஓர் ஈரச் சட்டை

பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது!

காண்டிராக்டர் பெயிண்டருக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அது. 'நாளைக்கு... நாளைக்கு...' என்று மூன்று மாதமாக இழுத்தடித்தவர், இனி எந்த நாளைக்கும் தரப்போவதில்லை.

நாலு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. கண்கள் சூரியனை முறைத்தன... இமைக்காமல்!

"ஐயோ... பொணம்!"

அலறியது, கூரையின் சூட்டை அளக்க வந்த அதிகாரி. அலறிய வேகத்தில் கையிலிருந்த கருவியின் விசை அமுங்கியது. அது மட்டும் கடமை தவறாமல் கூரையை அளந்தது.

முப்பது டிகிரி!

வெயில் நாற்பத்திரண்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் போலீஸ் வந்துவிட்டது. பெண் இன்ஸ்பெக்டர். மேல்மாடி வீட்டில் குடியிருந்த பெயிண்டரின் சட்டைக் காலரைப் பிடித்தே மேலே கொண்டு வந்தார்.

"முந்தாநாள் தெருவுல நின்னு கத்தினியாமே?"

"கூலியைக் கேட்டேங்க மேடம்."

"எப்படிக் கேட்டே?"

பெயிண்டர் குரலைத் தாழ்த்தினான். "குடுக்கலைன்னா... மண்டையைப் பொளந்துடுவேன்னு கேட்டேன்."

"பொளந்திருக்கு."

"வாய்தாங்க மேடம் பேசுச்சு. கை பேசலை!"

படிக்கட்டு வாசலில் அவன் மனைவி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

"இவரு கொசு அடிக்கவே யோசிப்பாரு மேடம். விட்டுடுங்க. இவரு உள்ளே போயிட்டா நாங்க எங்கே போவோம்?"

தண்ணீர்த் தொட்டி ஓரமாக இன்னொருத்தியும் நின்றாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தெருவுக்கே 'செயலாளர் அக்கா'. என்றைக்கும் வாய் ஓயாதவள். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "கூரைக்கு எதுக்கு சார் சூடு பார்க்கறீங்க? காய்ச்சலா?"

"வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் மேடம். வீடு குளிரும். ஏசி ஓடறது குறையும். கரண்டு மிச்சம், அனல் மின் நிலையத்துப் புகையும் மிச்சம். இந்தக் கூரையில டெஸ்ட். பாஸானா இன்னும் ஆயிரம் கூரைக்குப் பணம் வரும். ஃபெயிலானா திட்டமே ரத்து."

"பாஸா?"

"பிரமாதமா பாஸ்!"

பெயிண்டரால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி சார் பாஸாகும்? நான் அடிச்சது தண்ணியாக் கரைச்ச வெறும் சுண்ணாம்பு!"

"என்னய்யா சொல்றே?"

"டப்பா மட்டும்தான் பெயிண்ட் டப்பா மேடம். காண்டிராக்டரைக் கேட்டதுக்கு, 'வெள்ளைன்னா வெள்ளைதான்டா, சூரியன் என்ன லேபிளா படிக்குது'ன்னாரு. வாயைத் திறந்தா கூலி கிடையாதுன்னாரு. திட்ட ஆபீசுக்கு நடந்தேன். மனு குடுன்னாங்க. குடுத்தேன். திரும்பப் போனா, மனுவே வரலைன்னாங்க! செருப்புதான் தேஞ்சுது!"

"ஆக, கூலியும் வரலை... மனுவும் வரலை... கோபம் வந்துடுச்சு."

"ஐயோ மேடம்!"

போலீஸ்காரர்கள் உடலைப் புரட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். புருவம் ஏறியது.

முதுகுப் பக்கம் சட்டை முழுக்க ஈரம். பிழிந்தால் சொட்டும். சுற்றிலும் தரை சருகு மாதிரி காய்ந்து கிடந்தது!

"தொட்டி வழிஞ்சுதா?"

"தொட்டியில தண்ணி வந்தே மூணு நாளாச்சுங்க" என்றாள் பெயிண்டரின் மனைவி. "ஆனா மேடம்... காலையில எங்க வீட்டு சீலிங் ஜில்லுனு ஆயிடுச்சு. குழந்தை அசந்து தூங்கிச்சு. பெயிண்ட் இப்பதான் வேலை செய்யுதுபோலன்னு நெனைச்சேன்."

"சுண்ணாம்பு ஜில்லுனு ஆகுமாடி?" பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் கூரை ஓரத்துக்கு நடந்தார். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் விரலை விட்டார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது...

மரத்தூள்!

"இங்கே தச்சு வேலை எதுவும் நடந்துதா?"

"இல்லீங்களே."

"அப்போ ஐஸ்! ஐஸ் பாளத்தை மரத்தூள்ல புதைச்சுதான் கொண்டு வருவாங்க. உடைச்சுக் கூரை முழுக்கப் பரப்பியிருக்காங்க. டெஸ்டுக்கு முன்னால கூரையைக் குளிரவைக்க! இவர் கால் வெச்சாரு... வழுக்கினாரு... தொட்டி மேடை விளிம்புல மண்டை. வெயில்ல எல்லாம் காஞ்சு போச்சு. முதுகுக்கு அடியில இருந்த ஈரம் மட்டும் மாட்டிக்கிச்சு."

காலரை விட்டார். பெயிண்டருக்கு மூச்சு வந்தது.

"தானே வெச்ச ஐஸ்ல தானே விழுந்துட்டாரா மேடம்?"

"அப்படித்தான் நெனைச்சேன்." இன்ஸ்பெக்டர் பிணத்தின் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை உருவினார். தடிமனான கவர், உள்ளே நோட்டுக் கட்டு. மேலே அதிகாரியின் பெயர்!

அதிகாரிக்கு வியர்த்தது.

"எ... எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க மேடம்..."

"உங்களைத் தனியா விசாரிக்கிறேன் சார். இப்போ என் சந்தேகம் வேற. கையில கவர் வெச்சிருக்கிறவன், எதுக்கு ஐஸுக்குச் செலவு பண்ணணும்?"



படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம்!

மூச்சு வாங்க ஒருவன் மேலே வந்து நின்றான். தோளில் ஈரச் சாக்கு. சாக்கெல்லாம் மரத்தூள்.

"செயலாளர் அக்கா! எட்டுப் பாளத்துக்கும் மத்தியானம் காசு தரேன்னீங்களே..."

எல்லாத் தலைகளும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பின.

செயலாளர் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் திட்டம் வரணும்னு மூணு வருஷம் அலைஞ்சேன் மேடம்! கதவு கதவாத் தட்டினேன். கையெழுத்து வாங்கினேன். பைத்தியம்னாங்க. வெயில் என்ன புதுசான்னாங்க. கடைசியில திட்டம் வந்துச்சு, இந்தக் காண்டிராக்டரும் கூடவே வந்தான். சுண்ணாம்புன்னு தெரிஞ்சதும் ஆபீசுக்கு ஓடினேன். 'புகார் குடுத்தா டெஸ்ட் ஃபெயில், திட்டம் ரத்து, பரவாயில்லையா'ன்னு கேட்டாங்க. ஒரு திருடனுக்காக ஆயிரம் வீடு வேகணுமா மேடம்? இந்த ஒரு கூரை ஒரு மணி நேரம் ஜில்லுனு இருந்தாப் போதும்னு ஐஸைப் பரப்பிட்டுக் கீழே போயிட்டேன். அவன் முன்னாடியே வருவான்னு யாரு கண்டா?"

"என்னைப் பிடிச்சு இழுத்தாங்களே அக்கா..." பெயிண்டர் அவள் பக்கம் திரும்பினான். "அப்பவும் பேசாம நின்னீங்களே?"

"வாய் வரலைடா தம்பி. மன்னிச்சுடு." அவள் கவரைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உதடு கோணியது. "எப்படியும் பாஸ்தானாம்... எனக்குத் தெரியாமப் போச்சே!"

பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி கை கொடுத்து எழுப்பினாள். செயலாளர் அக்கா படியிறங்கினாள்.

பெயிண்டர் பின்னாலேயே இரண்டு படி போனான்.

"அக்கா! வெளியே வந்ததும் மறுபடி மனு எழுதுங்க. நிஜப் பெயிண்டை வாங்க வைங்க. இந்தக் கூரைக்கு நான் கூலி இல்லாம அடிக்கிறேன்!"

அவள் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மேடம்... என் பாக்கி?" என்று இன்ஸ்பெக்டரிடம் இழுத்தான் பெயிண்டர்.

"கவர் கேஸுக்குப் போகுது. உன் பாக்கியை அவர்கிட்டதான் கேக்கணும்" என்று பிணத்தைக் காட்டிவிட்டு, அதிகாரியையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

கீழே சீலிங் பழையபடி சூடேற ஆரம்பித்திருந்தது. மனைவி வீட்டுக்குள் தூக்கிப் போன குழந்தை வீறிட்டது.

மிச்சம் நின்றது ஐஸ்காரன் மட்டும்.

"அண்ணே... அப்போ என் காசு?"

பெயிண்டர் அவன் தோளில் கை போட்டான்.

"என் பதினாலாயிரத்து முந்நூத்தம்பதைத் தண்ணியில எழுதிட்டேன் தம்பி. நீ உன்னோடதை ஐஸ்லயே எழுதிக்க... கரையறவரைக்குமாவது இருக்கும்!"