முதுகுக்காரன்

குப்பையில் யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அறை வழக்கம்போலத்தான் இருந்தது. ஜன்னல் இல்லாத ஒலிக்கூடம், என்றைக்கோ நனைந்து சரியாகக் காயாத கம்பளத்தின் முடை நாற்றம், யாரோ குடித்துவிட்டு மறந்த காபிக் கோப்பையில் பூத்துப்போன பூஞ்சை. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் கட்டடத்தில் காவலாளியைத் தவிர ஆளில்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள். வாயை மூடாமல், கொஞ்சமும் அவசரப்படாமல், நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிய, அந்த வாய் மென்றுகொண்டேயிருந்தது.

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது அவள் வேலை. கீறல், இரைச்சல், பேசும்போது வாயில் எழும் எச்சில் சத்தம் எல்லாவற்றையும் கணினி பிரித்தெடுத்துவிடும். எடுத்ததை உடனே அழித்துவிட முடியாது. நல்ல குரல் ஏதாவது அதோடு சேர்ந்து போய்விட்டதா என்று, எடுத்ததை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டாக வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் குப்பை என்பார்கள். மனிதர்களின் பேச்சிலிருந்து பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விழுங்கலும் உறிஞ்சலும் பல்லிடுக்குக் காற்றும்தான். தினமும் அதைக் கேட்டுக் கேட்டு, எவ்வளவு பெரிய நடிகரைப் பார்த்தாலும் அவளுக்கு முதலில் குமட்டத்தான் செய்தது.

இந்தப் படம் அதிலும் மோசம். வெளிவந்த காலத்தில் திரையரங்கில் ஈ ஓட்டிய படம். இப்போது அதற்குக் கோயில் கட்டாத குறை. ஒரு சலவைக் கடைக்கு அடியில் இருக்கும் நிலவறை, ஒரு மேஜை, பச்சைத் துணி, விடிய விடியத் திருட்டுத்தனமாகப் போக்கர். கதாநாயகன் ஒவ்வொரு சீட்டையும் போடும் முன்பு கட்டைவிரலை நக்குவான். அந்த நக்கலுக்குத்தான் விசில் பறக்கும். எதிரே ஒருவன் படம் முழுக்கக் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பான். அவனை ரசிகர்கள் முதுகுக்காரன் என்பார்கள்.

ரசிகர்கள் என்றால் எங்கோ தூரத்தில் இல்லை, அவள் கணவனும் அவன் கூட்டாளிகளும் அந்தக் கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அதே வசனம், அதே ஆட்டம், அதே நக்கல். நக்கிய விரலை அவள் விரித்த துணியிலேயே துடைப்பார்கள். அந்தத் துணியை அவள் இப்போதெல்லாம் தனியாகத்தான் துவைக்கிறாள்.

அந்த அருவருப்பிலேயே ஒரு காரியம் செய்துவிட்டாள். நக்கும் சத்தங்களையெல்லாம் எச்சில் சத்தம் என்று வழித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். காலையில் டைரக்டர் போனில் குதித்தார்.

“நக்கற சத்தத்தைக் காணோமேம்மா! அதுதானே படமே!”

“சார், அது எச்சில்...”

“எச்சில்தான். அதுக்குத்தான் ஜனங்க வர்றாங்க. இருந்த இடத்துல திரும்ப வை.”

அதற்காகத்தான் விடுமுறை நாளில் குப்பையைக் கிளற வந்திருந்தாள். ஆறு வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்ததில் அவளுக்கு மனசே இல்லை. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துவிட்டால் அவனுக்குக் குழந்தை அழுதாலும் காது கேட்காது.

மெல்லும் சத்தம் எல்லாச் சீட்டாட்டக் காட்சிகளிலும் இருந்தது. முதுகுக்காரன் திரையில் வரும்போது மட்டும். அவள் டைரக்டரைக் கூப்பிட்டாள்.

“சார், அந்த முதுகுக்காரர் ஷூட்டிங்ல எதையாவது மென்னுக்கிட்டு இருந்தாரா?”

முதலில் அவர் தொண்டையில் சளி புரளும் சத்தம் வந்தது.

“அந்த நாற்காலியைக் காலியா விட்டுத்தான் எடுத்தோம்னு என் அசிஸ்டென்ட் சத்தியம் பண்ணினாம்மா. எடிட்டிங்ல பார்த்தா ஆள் உட்கார்ந்திருக்கான். யாரோ லைட் பையன் உட்கார்ந்திருப்பான்னு விட்டுட்டோம். நல்லாத்தானே இருக்கு?”

நல்லாத்தான் இருக்கிறதாம். அவள் போனை வைத்துவிட்டுக் கடைசிக் காட்சிக்குப் போனாள்.

எல்லாவற்றையும் தோற்ற ஒருவன் எழுந்து, முதுகுக்காரனின் காதருகே குனிந்து எதையோ பந்தயம் வைப்பான். என்ன வைத்தான் என்று படத்தில் கேட்காது. அதை வைத்துத்தான் ரசிகர்களுக்குள் இத்தனை வருடச் சண்டை. கணவன்கூட, “அவன் என்ன சொன்னான்னு மட்டும் எடுத்துக் குடு, உனக்குக் காலம் பூரா அடிமையா இருக்கேன்” என்று கெஞ்சியிருந்தான். அங்கே வசனமே இல்லை, நடிகர் உதட்டை மட்டும்தான் அசைத்தார் என்று டைரக்டர் பல பேட்டிகளில் சொல்லியாயிற்று.

ஆனால் குப்பையில் அது இருந்தது. கிசுகிசுப்பைக் கணினி பல சமயம் வெறும் இரைச்சல் என்றே நினைத்து எடுத்துவிடும். அவள் மற்ற சத்தங்களைக் குறைத்து அதை மட்டும் உயர்த்தினாள். மெல்லும் சத்தம் நின்றது. கேட்பதற்காக வாய் சும்மா இருப்பதுபோல நின்றது.

“வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட. என் வாயாடி இருக்கா. அவ குரலைப் பந்தயம் வைக்கறேன்.”

அவள் மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மறுபடி ஓட்டினாள். சொல்வதற்கு முன்பு ஒரு செருமல். பொய் சொல்லும்போதும் கடன் கேட்கும்போதும் மட்டும் வரும் அந்தச் செருமல். எட்டு வருடமாக ஒரே படுக்கையில் கேட்கும் மூக்கு விசில். அவள் காதை யாரும் ஏமாற்ற முடியாது. அது அவள் கணவன். அந்தப் படம் எடுத்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

 உடனே அவனுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் அவன் எடுத்தான்.

“என்ன? ஆட்டத்துல இருக்கேன்.”

“வாயாடி எங்க?”

செருமினான். “இங்கதான் இருக்கா.”

“போனை அவகிட்ட குடுங்க.”

“கொஞ்ச நேரம் கழிச்சு...”

“குடுங்கன்னு சொல்றேன்ல!”

நாற்காலி நகர்ந்தது. போன் கை மாறியது. பிறகு, “அம்மா!”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம். கெட்டுப்போன ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு இப்படி நடுங்குகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“பேசிக்கிட்டே இரு கண்ணு. நிறுத்தாத. அம்மா வந்துட்டே இருக்கேன்.”

டாக்ஸியில் அவளுக்கு முன்பு பயணம் செய்தவரின் தலை எண்ணெய் இருக்கையில் பிசுபிசுத்தது. வெளியே பளீரென்று வெயில். காதில் குழந்தை பேசிக்கொண்டே வந்தாள். ஆடுகிற பல், பக்கத்து பெஞ்சுக்காரியோடு சண்டை, குளியலறையில் எறும்பு. கேட்கக் கேட்க இவள் தோள்கள் தளர்ந்தன. குரல் இருக்கிறது. குரல் இருக்கும்வரை பயமில்லை.

சிக்னலில் வண்டி நின்றபோது, இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு சத்தம்.

“என்னடா சாப்பிடற?”

“ஒண்ணுமில்லம்மா.”

நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது.

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“சீட்டு போடறார்ம்மா.” மறுபடி அந்த ஈரம். ஆறு வயது வாய்க்கு அது ரொம்பப் பெரிய சத்தம். அவளுக்குத் தெரியும். இன்று மதியம் முழுக்கக் கேட்ட சத்தம்.

“வேகமா போங்க,” என்றாள் டிரைவரிடம். “தயவுசெஞ்சு.”

போனை வைக்கத் துணிவில்லை. வைத்தால் அந்தக் குரலும் போய்விடும்.

வீட்டு வாசலில் இறங்கினாள். படி. இன்னொரு படி. கைப்பிடியெல்லாம் யாரோ ஈரக் கையால் தடவிய பிசுக்கு.

“மேல ஏறிட்டியாம்மா?” என்றது காதில்.

கதவு திறந்திருந்தது.

மகள் வாசற்படியிலேயே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னமெல்லாம் கண்ணீர்.

“அவ உன்னைப் பார்த்துட்டா,” என்றது காதில்.

மகள் வாயைத் திறந்தாள். அம்மா என்பதற்கு எப்படி உதடு கூடிப் பிரியுமோ அப்படிக் கூடிப் பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. மூச்சு இல்லை. எச்சில் சத்தம்கூட இல்லை.

உள்ளே மேஜை. வெறும் வயிற்றில் குடித்தவர்களின் ஏப்ப நாற்றம். கூட்டாளிகள் மூவரும் தலை குனிந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் அவளைப் பார்த்தான். அவன் நெற்றி வியர்த்துக் கொட்டியது. கை மட்டும் சீட்டை அழகாகக் கலைத்துக்கொண்டிருந்தது.

“ஒரே ஒரு ஆட்டம்,” என்றான். “திருப்பி எடுத்துடறேன். நீ சத்தம் போடாத. அவருக்குப் பிடிக்காது.”

அவனுக்கு எதிர் நாற்காலியில் ஒரு முதுகு. காதோடு சேர்த்து அவள் கணவனின் போன். தாடை மட்டும் மெதுவாக, மேலும் கீழும், மேலும் கீழும்.

“வாயில வச்சுக்கிட்டுப் பேசக் கூடாதுன்னு சொல்லுவியேம்மா,” என்றது அவள் மகளின் குரல், அந்தத் தலையிலிருந்து. “இரு. முழுங்கிடறேன்.”

குழந்தை இரண்டு கைகளாலும் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.