வெறுந்தொட்டில்

பிள்ளை தோளில் இருந்தான். தொட்டில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் ஸ்பிரிங் நீண்டிருந்தது.

ஹுஸ்னா அரைத்தூக்கத்தில்தான் அதைக் கவனித்தாள். கலீல் உள்ளே கிடந்தால் தொட்டில் சேலை அவள் முழங்கால் வரைக்கும் இறங்கிவரும். அவனைத் தூக்கிவிட்டால் ஸ்பிரிங் சுருங்கித் தொடை உயரத்துக்கு ஏறிவிடும். இப்போது ஆளில்லாமலே முழங்காலருகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் தொங்கும் மோட்டார் பெட்டி 'விர்ர்' என்று இரைய, அதற்குப் பின்பாட்டாக ஸ்பிரிங் 'கிரீச், கிரீச்' என்றது. புருஷன் இத்ரீஸ் தேனியில் வாங்கி வந்த சாமான். பெற்றவளுக்குக் கை கடுக்கக் கூடாதாம்.

"அதுக்குள்ள ஸ்பிரிங்கு தொய்ஞ்சு போச்சு. நல்லா வாங்கிட்டு வந்தாரு சாமான்" என்று முணுமுணுத்துவிட்டுப் பிள்ளையின் முதுகைத் தட்டினாள்.

கம்பத்தின் கடைசித் தெருவில் மாடி வீடு. பின் ஜன்னலைத் திறந்தால் திராட்சைப் பந்தல். சாயங்காலம் அடித்த மருந்து வாடையும், மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்றும், எப்போதாவது குமுளி ரோட்டில் முக்கி முனகிப் போகும் லாரியின் சத்தமும் சேர்ந்துதான் ராத்திரி அந்த வீட்டுக்குள் வரும். இத்ரீஸுக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடை வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். மற்ற நாளெல்லாம் அவளும் பிள்ளையும், கலீலின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றும்தான்.

அந்தக் காற்று அவளை என்ன பாடு படுத்தியது! பறக்காவெட்டி மாதிரி பாலோடு காற்றையும் சேர்த்துக் குடிப்பான். கொஞ்ச நேரத்தில் வயிறு கல்லாக இறுகும். காலை மடக்கி, முகம் கறுத்து, மூச்சு விடாமல் கத்துவான். ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டி, தொப்புளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள். மல்லாத்திப் போட்டுக் காலைப் பிடித்து சைக்கிள் விடுகிற மாதிரி சுற்றினாள். கடைசியில் டாக்டர் சொன்னதுதான் பலித்தது. குடித்ததும் படுக்கப் போடாமல், நிமிர்த்தித் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். தொட்டில் ஆடுகிற சத்தம் கேட்டால்தான் துரை அடங்குவார். அதனால் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மோட்டாரைப் போட்டுவிடுவாள். தொட்டில் தன்பாட்டுக்கு ஆடும். இவள் தட்டுவாள். ஏப்பம் வந்ததும் பக்கத்து மெத்தையில் கிடத்துவாள். தொட்டில் விடிய விடிய ஆடிக்கொண்டிருக்கும். இந்த வழியைக் கண்டுபிடித்த அன்று போனில் இத்ரீஸிடம் பெருமை தாங்காமல் சொன்னாள். அவனும், "டாக்டருக்கே நீ வகுப்பெடுக்கலாம்டி" என்று சிரித்தான்.

தட்டினாள். தட்டினாள்.

ஏப்பம் வந்தது. சின்னதாக, பால் நுரைத்த ஏப்பம்.

"அப்பாடா" என்றவள் அப்படியே நின்றாள். கலீலின் வாய் அவள் காதோரமாகத்தான் இருந்தது. உதடுகள் மூடியிருந்தன. மூச்சுக்கூட மாறவில்லை.

ஏப்பம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தொட்டில் இருக்கும் பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தாள். சேலை ஏறியது, இறங்கியது. வேறொன்றுமில்லை. தூக்கம் கெட்ட மூளைக்கு எல்லாம் கேட்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு படுத்தாள். படுத்த பிறகு ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. இத்தனை நாளாகத் தான் கேட்டு நிம்மதிப்பட்ட ஏப்பமெல்லாம் யாருடையது?

மறுநாள் தடுப்பூசி. எடை பார்த்த நர்ஸம்மா தராசைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடியும் பிள்ளையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

"பாலு குடிக்கிறானா ஆத்தா?"

"மிச்சம் வைக்காமக் குடிக்கிறான்."

"எடை ஏறலையே. போன தடவைக்கு இறங்கியில்ல இருக்கு. அடுத்த வாரம் திரும்பக் கொண்டாங்க. அப்பவும் ஏறலைன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவாக."

ஹுஸ்னா அட்டையை வாங்கி மடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் துண்டுக்குள் இருந்த பிள்ளையைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நிஜம்தான். லேசாகத்தான் இருந்தான். குடித்த பாலெல்லாம் எங்கே போகிறது?

வந்ததும் தொட்டில் சேலையைத் துவைக்க அவிழ்த்தாள். உள்மடிப்பில் ஈரம். முகர்ந்தாள். கக்கிய பாலின் புளித்த வாடை. விரலில் தயிராகத் திரிந்த வெள்ளை ஒட்டியது. கலீலை அதில் போட்டுப் பல நாளாயிற்று. அவள் விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

மொட்டை மாடியில் சேலையைக் காயப்போடும்போது கீழ்வீட்டு ஜோதிலட்சுமி வற்றல் அள்ள வந்தாள். வீட்டுக்காரி அவள்தான். பகலில் திராட்சை பேக்கிங் ஷெட்டுக்குப் போகிறவள்; அன்று வேலை இல்லை. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ஏத்தா ஹுஸ்னா, ராத்திரிபூராம் கிரீச்சு கிரீச்சுங்குது. பய தூங்கவே மாட்டானா?"

"அவன் எங்கக்கா தொட்டில்ல தூங்குறான்? என் தோள்லதான். சத்தத்துக்காக மோட்டார ஓட விட்டுருப்பேன்."

ஜோதிலட்சுமியின் கை வற்றலில் நின்றது.

"வெறுந்தொட்டிலயா ஆட்டுற?"

"ஆமா."

"அடியாத்தீ! வெறுந்தொட்டில ஆட்டுனா பிள்ளைக்கு வயித்து வலி வரும்னு உங்க வீட்டுல யாரும் சொல்லலையா? சின்னப் பிள்ளைக வெளையாட்டுக்கு ஆட்டுனாக்கூட எங்காத்தா முதுகுல ஒண்ணு வைக்கும்."

"அது காத்து அடைச்சு வர்ற வலின்னு டாக்டரு சொன்னாகக்கா." சொல்லும்போதே ஹுஸ்னாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அவுத்தே போட்டுரவா?"

"கட்டுன தொட்டில, பிள்ளை தானா மறக்கிற வரைக்கும் அவுக்கக் கூடாது. இருக்க எடம் இல்லைன்னா அது எங்கன போகும்?" ஜோதிலட்சுமி 'அது' என்று சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவளாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கிட்ட அம்மிக் குழவி சும்மாதான் கெடக்கு. மிக்ஸி வந்த பெறகு யாரு அரைக்கிறா? பேர் வைக்கிற அன்னைக்குப் பிள்ளைக்கு முன்னால அதத்தான தொட்டில்ல போடுவோம். கொண்டுபோயி போட்டு வையி. வெறுமனே மட்டும் விட்றாத."

இத்ரீஸிடம் போனில் சொன்னாள். "எங்கம்மாவும் இதத்தான் சொல்லும். அப்ப மோட்டார நிறுத்திப் பாரேன்" என்றான். அன்று மதியம் தொட்டிலும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் கிடத்திப் பார்த்தாள். கலீல் கத்திய கத்தலில் உதடு நீலம் பாரித்தது. வயிறு விரலால் சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு உப்பியது. பொழுது இறங்குவதற்குள், காய்ந்தும் காயாத சேலையை எடுத்து வந்து அவளே தொட்டிலைக் கட்டினாள். குழவிக் கல்லைப் பழைய துணியில் பொதிந்து, பிஸ்மி சொல்லி உள்ளே வைத்தாள். ஸ்பிரிங் சரசரவென்று நீண்டது. கல்லின் கனம்தான். இன்றைக்கு நீளலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நினைப்பே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ராத்திரி பால் குடித்ததும் கலீலைத் தோளில் சாய்த்தாள். மோட்டார் இரைந்தது. கல் ஆடியது. அவள் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் காதுக்குள்ளேயே, இளஞ்சூடான மூச்சோடு, பால் வாடையோடு, நீளமாக ஒரு ஏப்பம். கலீலுடையது. சந்தேகமே இல்லை. கூடவே ஒரு வாய் பாலைக் கழுத்தில் கக்கினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீலத் துண்டில் சுற்றி மெத்தையில் கிடத்தி, வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பஞ்சாக இருந்தது. ஜோதிலட்சுமியக்காவுக்கு நாளைக்கே பிரியாணி கொடுத்தனுப்ப வேண்டும் என்று நினைத்தபடியே, பல வாரத் தூக்கத்தை மொத்தமாகத் தூங்கினாள்.

வேர்த்து விழித்தாள். மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் இல்லை. தெருவிளக்கும் இல்லை. ஜன்னல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத இருட்டில், பந்தல் இலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையும், எங்கோ ஒரு நாய் பாதியில் நிறுத்திய குரைப்பும், மூக்கருகிலேயே புளித்த பாலின் வாடையும்.

கிரீச். கிரீச்.

மோட்டார் இரையவில்லை. தொட்டில் ஆடியது.

கல் கனம். ஆடின வேகம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்படித்தான் இருக்கும். காத்திருந்தாள். அடங்கவில்லை. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ நிதானமாக ஆட்டுகிற மாதிரி.

அப்போது கலீல் சிணுங்கினான். ஹுஸ்னா தடவினாள். கைக்கு நீலத் துண்டின் பூத்தையல் தட்டுப்பட்டது. அள்ளித் தோளில் போட்டாள்.

கனமாக இருந்தான்.

ஒரே நாளில் இப்படியா என்று தோன்றவில்லை. சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வந்தது. பால் உடம்பில் ஒட்டிவிட்டது. நர்ஸம்மாவின் தராசு இனி இறங்காது. பெரியாஸ்பத்திரி வேண்டாம். "என் ராசா, தேறிட்டியாடா" என்று துண்டோடு சேர்த்து முத்தம் கொடுத்தாள். குளிர்ந்திருந்தான். மலைக்காற்று. துண்டை இன்னும் இழுத்து மூடினாள்.

தட்டினாள்.

சத்தம் மொத்தென்று கேட்டது.

தட்டினாள். மொத்து. அதன் பின்னாலேயே இன்னொன்று. மெத்தென்று. உள்ளங்கை ஒன்று பூஞ்சதையில் படுகிற சத்தம்.

நிறுத்தினாள். அதுவும் நின்றது.

தட்டினாள். அதுவும் தட்டியது.

தொட்டில் பக்கம்.

வாய் ஓத ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்து வந்த வரிகள். பாதியில் மறந்தன. மறுபடியும் முதலிலிருந்து. நாக்கு ஒட்டிக்கொண்டது. இருட்டு. பால் வாடை. கிரீச்.

ஏப்பம்.

கலீலின் ஏப்பம். எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். தோளிலிருந்து வரவில்லை.

கரண்ட் வந்தது.

டியூப்லைட் துடித்துத் துடித்து எரிந்தது. மெத்தை காலியாக இருந்தது. தலையைக் கொஞ்சமாகத் திருப்பினாள். நீலத் துண்டுக்குள்ளிருந்து கருங்கல் முனை அவள் கன்னத்தில் பட்டது. அதன் நுனியில் பால் ஈரம்.

தொட்டில் ஏறக்குறையத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேலையின் இரண்டு ஓரமும் சேர்ந்து மூடியிருந்தன. நடுவில் விட்ட சந்து வழியாக ஒரு பிஞ்சுப் பாதம் வெளியே நீட்டியிருந்தது. கணுக்காலில் அவள் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு.

"கலீலு!"

ஓர் எட்டு வைத்தாள். பாதம் உள்ளே இழுபட்டது. சேலை முறுக்கிக்கொண்டது. உள்ளே மூச்சு அடைபடுகிற சத்தம், கத்த வராத பிள்ளையின் சத்தம்.

பின்வாங்கினாள். முறுக்கு விட்டது. ஆனாலும் உள்ளே பிள்ளை முக்கினான், காலை உதைத்தான், வலி தாங்காமல் வீறிட்டான். அந்த அழுகையை அவள் அறிவாள். காற்று அடைத்த அழுகை.

என்ன செய்வதென்று தெரியாத கை, பழக்கத்தில், தோளிலிருந்த கல்லை ஒருமுறை தட்டியது.

சேலைக்குள்ளும் தட்டு விழுந்தது. துணியில் ஐந்து விரலும் பதிந்து தெரிந்தன. பெரிய விரல்கள். அழுகை இறங்கியது.

இன்னொருமுறை தட்டினாள். இன்னும் இறங்கியது. பாதம் மெல்ல வெளியே வந்தது. விரல்கள் சுகமாக விரிந்தன.

கீழ்வீட்டில் ஜோதிலட்சுமி கதவு திறந்தாள். வாசலில் தண்ணீர் தெளித்தாள். கேட் சாத்தும் சத்தம். வேலைக்குப் போய்விட்டாள். ஜன்னல் வெளுத்தது. திராட்சைப் பந்தலில் ஆட்கள் பேசும் குரல் கேட்டது. மெத்தை மேலிருந்த போன் இத்ரீஸின் பெயரோடு அதிர்ந்து, அதிர்ந்து, ஓய்ந்தது.

ஹுஸ்னாவின் கை கடுத்தது. அவள் நிறுத்தவில்லை. கல்லைத் தோளில் சாய்த்து, கறுப்புக் கயிறு கட்டிய பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், தட்டிக்கொண்டே நின்றாள். சேலைக்குள் அந்தக் கையும் தட்டியது. கலீல் நன்றாகத் தூங்கினான்.